திருடு போன வண்டியும் ‘காணவில்லை’ என்ற மனுவும்

வாசகரின் கடிதம் மூன்று பக்கம். பெயர், ஊர், தேதிகளை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மேற்கு மாவட்டம் ஒன்றின் சிறு நகரத்தில் இருக்கிறார். வயது 36, பின்னலாடை கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூட்டிய கடை ஒன்றின் முன்னால் பைக்கை சைடு லாக் போட்டு நிறுத்தியிருக்கிறார். இரவு 9.15-க்குத் திரும்பி வந்தால் வண்டி இல்லை. அங்கேயே நின்று 100-க்குப் போன் செய்தார். “காலையில் ஸ்டேஷனுக்குப் போங்க” என்றார்கள்.

காலையில் போனார். “அந்த இடம் எங்க எல்லை இல்லை, பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷனுக்குப் போங்க.” போனார். “கேட்டுக்கு உள்ளேதான் நாங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவங்க.” ஒன்பதாவது நாள் காவல்துறையின் இணையதளத்தில் புகார் பதிவு செய்தார். செல்போனுக்கு ஒரு நம்பர் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. 24-வது நாள், முதலில் போன ஸ்டேஷனின் ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் காவலர்) உட்காரவைத்து, “திருட்டுன்னு எழுதாதீங்க, யார் எடுத்தான்னு உங்களுக்குத் தெரியுமா? ‘காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்’னு எழுதுங்க” என்று சொல்லி எழுதி வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். பேப்பர், ஜெராக்ஸ், ‘டீசல்’ என்று 1,500 ரூபாயும் வாங்கிக்கொண்டார். “அக்கம்பக்கத்துக் கடை கேமரா பதிவை நீங்களே வாங்கிட்டு வந்தா நல்லது” என்ற அறிவுரை மட்டும் இலவசம். 

கடிதம் எழுதும்போது 47 நாள் ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கிறது. வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றும் கேட்கிறது. மனைவி “விட்டுடுங்க” என்கிறார். ஒரு நண்பர் நேராக ஹைகோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார். இன்னொருவர், வண்டிப் பெட்டியில் 2 லட்சம் ரூபாய் இருந்தது என்று எழுதினால் உடனே எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் என்கிறார். எம்.எல்.ஏ. ஆபீஸில் தெரிந்தவர் இருக்கிறாராம். அடுத்த முறை ஸ்டேஷனுக்குள் நடப்பதை வீடியோ எடுத்து வெளியிடலாமா என்றும் கேட்கிறார். கடைசி வரியில், “வண்டியைவிட, ஏழு தடவை நடந்ததுதான் சார் எரிச்சல்” என்று எழுதியிருக்கிறார்.

*

அந்தக் கடைசி வரி எனக்குப் புரிகிறது. கட்டிங் டேபிளை விட்டுவிட்டு ஏழு தடவை போனால் ஏழு அரை நாள் கூலி. ஆனாலும் எரிச்சலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. கூடவே, நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தவறும் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘காணவில்லை’ என்ற வார்த்தை

சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியதால் பாதி வேலை முடிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. சி.எஸ்.ஆர். என்பது நம் மாநிலக் காவல் நிலையங்களில் மனு வந்ததைக் குறித்து வைக்கும் பதிவேடு. அந்த ரசீது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆரில்தான் பிறக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகிறது, விசாரணை அதிகாரி என்று ஒருவர் பொறுப்புக்கு வருகிறார், ஒரு நாள் இறுதி அறிக்கை கொடுத்தாக வேண்டும். சி.எஸ்.ஆரில் இது எதுவும் கிடையாது. மூன்று மாதம் கழித்து ‘மனு முடிக்கப்பட்டது’ என்று எழுதி மூடினாலும் கோர்ட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, ஏன் ‘காணவில்லை’ என்று எழுதச் சொன்னார்கள்? திருட்டு என்பது போலீஸ் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் வழக்குப் போட வேண்டிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு அதைச் சொல்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. ஒரு பொருள் காணாமல் போவது குற்றமே இல்லை. பர்ஸ் தவறி விழுந்தாலும் காணவில்லைதான். குற்றமே இல்லாத ஒன்றுக்கு எஃப்.ஐ.ஆர். எப்படிப் போடுவது? அந்த ஒரு வார்த்தையால் எஃப்.ஐ.ஆர். போடும் கடமை ஸ்டேஷன் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது, உங்கள் கையெழுத்தோடு.

யார் எடுத்தது என்று தெரியாவிட்டால் திருட்டு என்று எழுதக் கூடாது என்பது சுத்தமான கட்டுக்கதை. ‘அடையாளம் தெரியாத நபர்’ என்ற தொடர் இல்லாத திருட்டு எஃப்.ஐ.ஆரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். திருடன் பெயர் தெரிந்தால் போலீஸ் எதற்கு?

இதில் உங்களை ஏமாளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சில வருடம் முன்பு என் ஜூனியர் வக்கீலின் ஸ்கூட்டர் கோர்ட் வாசலிலேயே போனது. கறுப்பு கோட்டோடு ஸ்டேஷனுக்குப் போனவரிடமும், “சார், ‘காணவில்லை’ன்னு எழுதித் தாங்களேன்” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. லஞ்சம், சோம்பேறித்தனம் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரியும். ஒவ்வொரு மாதமும் உயரதிகாரி நடத்தும் கிரைம் மீட்டிங்கில் எத்தனை திருட்டு, எத்தனை கண்டுபிடித்தாய், எத்தனை சதவீதம் மீட்டாய் என்று ஒவ்வொரு இன்ஸ்பெக்டரையும் எழுப்பிக் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போகும் பைக் திரும்பக் கிடைப்பது அரிது. அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டால் ‘கண்டுபிடிக்கப்படாதது’ என்று ஒரு எண் கூடும், போடாவிட்டால் கூடாது. இப்படி அளக்கும்வரை ரைட்டர்கள் இப்படித்தான் எழுதி வாங்குவார்கள். அந்த ரைட்டர் உங்கள் எதிரி அல்ல என்று சொல்ல வரவில்லை. அவர் மேல் கோபப்பட்டு எதுவும் நகராது என்றுதான் சொல்கிறேன்.

ஆக முதல் வேலை, புதிய மனு. பழையதை மறைக்க வேண்டாம், அதன் சி.எஸ்.ஆர். எண்ணையே குறிப்பிடுங்கள். ஏறக்குறைய இப்படி:

“மேற்படி தேதியில் பஸ் நிலையத்துக்கு எதிரே பூட்டி நிறுத்தியிருந்த எனது இருசக்கர வாகனத்தை (பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், தற்போதைய மதிப்பு) இரவு 9.15 மணிக்கு முன்பாக அடையாளம் தெரியாத நபர் திருடிச் சென்றுவிட்டார். அன்றிரவே 100 எண்ணுக்குத் தகவல் கொடுத்தேன். முன்பு நான் கொடுத்த மனுவில் ‘காணவில்லை’ என்று இருப்பது காவல் நிலையத்தில் சொன்னபடி எழுதியது. நடந்தது திருட்டு. வழக்குப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வழங்க வேண்டுகிறேன்.”

மதிப்பை விட்டுவிடாதீர்கள். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு, போலீஸ் தானாக வழக்குப் போட முடியாத வகைக்குப் போய்விட்டது. உங்கள் பழைய வண்டியை ‘காயலாங்கடை வண்டி’ என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால், அது வெறும் கிண்டலாக இருக்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை, அதாவது வண்டிக்குக் கம்பெனி போட்ட மதிப்பு, அச்சிட்டிருப்பார்கள். அதையே எழுதிவிடுங்கள்.

வண்டிப் பெட்டியில் 2 லட்சம் என்ற யோசனையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். அதோடு, உண்மையான திருட்டுக்கு நடுவே ஒரு பொய் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அதுவே போதும், மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

“எங்க எல்லை இல்லை”

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். அதன் 173(1)-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பேச்சு வழக்கில் இதை ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறோம். முதலில் போன ஸ்டேஷனில் பூஜ்ய எண்ணில் பதிவு செய்துவிட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். கேட்டுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பது அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம். அதை உங்கள் காலில் நடந்து தீர்க்க வேண்டியதில்லை.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்று 173(2) சொல்கிறது. ஜெராக்ஸ் காசுகூட கேட்க இடமில்லை.

‘முதலில் விசாரிக்கிறோம், அப்புறம் பார்க்கலாம்’ என்று இனிமேல் சொன்னாலும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதற்கட்ட விசாரணைக்கு 173(3)-ல் இடம் இருப்பது உண்மைதான். அதற்கும் டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 47 நாள் ஓடிவிட்டது. குற்றம் நடந்தது தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் சொன்னது 2013-ல். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அதை இப்படி ஒரு பதிலில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இணையதளப் புகார் பற்றியும் ஒரு திருத்தம். நம்பர் வந்ததும் அது எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதாக நினைத்திருக்கிறீர்கள். மின்னணு வழியாகத் தகவல் கொடுத்தால், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது பதிவுக்கு வரும் என்கிறது சட்டம். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, போட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இருந்தாலும் அந்தப் புகார் வீண் போகவில்லை. ஒன்பதாவது நாளே நீங்கள் புகார் செய்தீர்கள் என்பதற்கு அந்த குறுஞ்செய்தி சாட்சி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் போட்டு வையுங்கள். 100-க்குச் செய்த போன் அதைவிட முக்கியம். அது திருட்டு நடந்த அன்றைய இரவின் பதிவு. செல்போன் அழைப்புப் பட்டியல் அழிவதற்குள் அதையும் எடுத்துவிடுங்கள்.

எஸ்.பி.க்கு ஒரு தபால்

புதிய மனுவை ஸ்டேஷனில் கொடுங்கள். வாங்க மறுத்தால் அங்கே நின்று வாக்குவாதம் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடுத்த படி 173(4)-ல் இருக்கிறது: தகவலின் சாரத்தை எழுத்தில், தபாலில், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். கமிஷனர் ஆட்சி உள்ள நகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்துக்கு. பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்துவிட்டதாக இணையத்தில் காட்டும் பக்கத்தையும் பிரிண்ட் எடுங்கள். ஐம்பது, அறுபது ரூபாய்ச் செலவில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் கோர்ட்டுக்கு வந்து, ‘எஸ்.பி.க்கு அனுப்பினீர்களா?’ என்ற கேள்வியில் திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

தபாலில் ஏழு வருகையின் தேதி, நேரம், யாரிடம் பேசினீர்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள். வர்ணனையும் அடைமொழியும் வேண்டாம். ‘அலட்சியமாக நடத்தினார்கள்’ என்பதைவிட ‘காலை 10.20 முதல் 1.05 வரை வராண்டாவில் காத்திருந்தேன்’ என்பது நூறு மடங்கு கனமானது. அதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: மேற்படி நாட்களின் காவல் நிலைய கேமரா பதிவுகளைப் பாதுகாத்து வைக்கக் கோருகிறேன். எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ‘இவர் வரவே இல்லை’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாமல் செய்ய அந்த ஒரு வரி போதும்.

வீடியோ கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். காவல் நிலையம் அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்ட இடம் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-ல் சொல்லியிருக்கிறது. அது நம் ஊர் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக் காட்டலாம். ஆனால் உங்கள் பிரச்சினை சட்டத்தில் இல்லை. வீடியோ எடுப்பதைப் பார்த்த நிமிடமே, பைக் திருட்டு பற்றிய பேச்சு ‘அரசுப் பணிக்கு இடையூறு’ என்ற பேச்சாக மாறிவிடும். அவர்கள் கேமராவே உங்களுக்காக ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கேமரா எதற்கு?

நேரில் கொடுக்க விரும்பினால், பல மாவட்டங்களில் எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை மனு வாங்குகிறார்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள், 1100-ல் முதல்வரின் முகவரி எல்லாமும் உண்டு. கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த மனு நாலு மேஜை சுற்றிவிட்டு எந்த ஸ்டேஷன் மேல் புகார் சொன்னீர்களோ அதே ஸ்டேஷனுக்குத்தான் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று வந்து சேரும். பிறகு உங்களைக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை நாற்காலி கிடைக்கும், டீகூடக் கிடைக்கலாம். ஒரு தாளை நீட்டுவார்கள். ‘காவல்துறை விசாரணையில் திருப்தி அடைகிறேன், மேல் நடவடிக்கை தேவையில்லை.’ அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் ‘காணவில்லை’, அப்புறம் ‘திருப்தி’ என்று இரண்டு தாளிலும் உங்கள் கையெழுத்து இருந்தால், எந்த வக்கீலாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

எம்.எல்.ஏ. ஆபீஸ்? சில சமயம் ஒரே போனில் எஃப்.ஐ.ஆர். விழுவதும் உண்டு. மறுக்க மாட்டேன். ஆனால் போன் பலிக்கவில்லை என்றால் கையில் எதுவும் மிஞ்சாது. தபால் பலிக்கவில்லை என்றால் ரசீது மிஞ்சும்.

மாஜிஸ்திரேட்டும் ஹைகோர்ட்டும்

தபால் சேர்ந்து 15 நாள் பாருங்கள். சட்டம் நாள் கணக்கு சொல்லவில்லை, இது என் வழக்கம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மனு போடலாம். பழைய வக்கீல்கள் இன்னும் ‘156 பெட்டிஷன்’ என்பார்கள், பழைய சட்டத்தின் எண் அது. மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம். அதில் ஸ்டேஷனுக்குப் போனது, எஸ்.பி.க்கு அனுப்பியது இரண்டையும் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் போலீஸ் தரப்பையும் கேட்டுவிட்டு உத்தரவு போடுவார். பல சமயம் கோர்ட்டிலிருந்து அறிக்கை கேட்டுக் கடிதம் போன அன்றே எஃப்.ஐ.ஆர். பிறந்துவிடும். பழைய தேதியில் பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

நேராக ஹைகோர்ட்டுக்குப் போகச் சொன்ன நண்பரிடம், அங்கே கேட்கும் முதல் கேள்வியே ‘எஸ்.பி., மாஜிஸ்திரேட் இருவரிடமும் போனீர்களா?’ என்பதுதான் என்று சொல்லுங்கள். உச்ச நீதிமன்றம் 2007-ல் சாகிரி வாசு வழக்கிலேயே, எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று எடுத்ததும் உயர் நீதிமன்றத்துக்கு ஓடி வராதீர்கள், மாஜிஸ்திரேட்டிடம் அதிகாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

வக்கீல் செலவுக்கு யோசித்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், தொலைபேசி எண் 15100. இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை.

அந்த 1,500 ரூபாய்

இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்திலேயே கவலை தந்த வரி இதுதான். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. நிர்ப்பந்தத்தில் கொடுத்தேன் என்பவர், கொடுத்த ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால்தான் பாதுகாப்பு. உங்களுக்கு அந்த ஏழு நாள் தாண்டிவிட்டது. எனவே ‘1,500 வாங்கினார்கள்’ என்று கோபத்தில் ஊருக்கெல்லாம் எழுதி அனுப்புவதற்கு முன், ஒரு வக்கீலிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். பொய் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. யாரிடம், எந்த வார்த்தையில், எப்போது சொல்வது என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

இனி ஒரு தடவை கேட்டால், ‘நாளைக்குக் கொண்டு வர்றேன் சார்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து 1064-க்குப் போன் செய்யுங்கள். லஞ்ச ஒழிப்புத் துறை. மற்றதை அவர்கள் சொல்லித் தருவார்கள். கொடுத்த பிறகு போனால் உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. கொடுக்கும் முன் போனால் பவுடர் தடவிய நோட்டு பேசும்.

இன்சூரன்ஸும் ஆர்.டி.ஓ.வும்

முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. அப்படி இருந்தால் இத்தனை அலைச்சலும் வேறு காரணத்துக்காகத்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

முழு பாலிசி என்றால், இன்றே கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். நீங்கள் 40-வது நாள்தான் போன் செய்திருக்கிறீர்கள், அதுவும் வாய் வார்த்தையாக. ‘தாமதம்’ என்று தள்ளப் பார்ப்பார்கள். போலீஸுக்கு உடனே சொல்லி எஃப்.ஐ.ஆர். இருக்கும்போது, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில், குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் எஃப்.ஐ.ஆர். தாமதமாகத்தான் வரப்போகிறது. ஆனால் அந்தத் தாமதம் உங்களுடையது அல்ல என்று காட்ட 100-க்குச் செய்த போன், ஒன்பதாவது நாள் குறுஞ்செய்தி, 24-வது நாள் சி.எஸ்.ஆர். மூன்றும் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். போடும்போது அதன் வாசகத்திலேயே அன்றிரவு 100-க்குச் சொன்னது இடம்பெறுகிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

வண்டி கிடைக்கவில்லை என்ற சான்று தானாக வராது. எஃப்.ஐ.ஆர். போட்ட 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-ல் இருக்கிறது. அதைச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். ‘விசாரணை பாதிக்கும்’ என்று மறுக்க ஒரு விதிவிலக்கு அவர்களுக்கு உண்டு. அதனால் விசாரணை விவரத்தைக் கேட்காமல், மனு எந்தத் தேதியில் யார் மேஜையில் இருந்தது என்பதை மட்டும் கேளுங்கள். கம்பெனி மறுத்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையம். அது வேறு கதை, வந்தால் பார்ப்போம்.

மனைவி ‘விட்டுடுங்க’ என்கிறார் என்றீர்கள். பணத்தை மட்டும் நினைத்துச் சொல்கிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் நம்பரோடு ஒரு வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அதில் வந்து யாராவது செயின் பறித்தாலோ, யார் மேலாவது மோதிவிட்டு ஓடினாலோ முதல் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். விபத்து இழப்பீட்டு வழக்கில் நோட்டீஸும் ஆர்.சி. ஓனர் பெயருக்குத்தான். அன்றைக்கு ‘வண்டி திருடு போயிருந்தது’ என்று சொல்ல ஒரு எஃப்.ஐ.ஆர். எண் வேண்டும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் சி.எஸ்.ஆர். நகலோடு இந்த வாரமே ஒரு கடிதம் கொடுங்கள், எஃப்.ஐ.ஆர். வந்ததும் அதன் நகலையும் சேர்த்து.

எஃப்.ஐ.ஆர். போட்டால் ஆயுசுக்கும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயம் வேண்டாம். ஆள் பிடிபட்டு வழக்கு நடந்தால் சாட்சி சொல்ல ஓரிரு தடவை கூப்பிடுவார்கள். வண்டி கிடைத்துவிட்டால் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் துருப்பிடிக்கவும் விட வேண்டியதில்லை, மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு இடைக்காலமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் செய்தால் வண்டி கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அனேகமாகக் கிடைக்காது என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. வண்டியின் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும், ஒன்று இல்லை என்றால் ‘வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனாயா?’ என்று ஆரம்பிப்பார்கள். விசாரணைக்கு வேண்டும் என்று ஸ்டேஷனில் சாவியைக் கேட்டால், எழுதி வாங்கிக்கொள்ளாமல் கொடுக்காதீர்கள்.